‘பேசி முடித்தவருக்கு’ 5,000 ரிங்கிட் அபராதமா? கோயில் கமிட்டி அண்ணன்களே, இதைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். கோயில் தலைவர், சங்கச் செயலாளர், லயத்தில் நாலு பேர் மதிக்கும் பெரிய மனுஷர், யாராக இருந்தாலும் இன்றைக்குக் கொஞ்சம் உட்காருங்கள். இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஒரு பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமை உங்கள் காதுக்கு வந்தது, நீங்கள் போலீஸுக்குச் சொல்லவில்லை, இரண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிட்டீர்கள் என்றால், சட்டத்தின் கண்ணில் தப்பு செய்தவன் அந்தக் கொடுமையைச் செய்தவன் ஒருவன் மட்டும் இல்லை.

[திரையில்: பிரிவு 19. அபராதம் 5,000 ரிங்கிட் வரை]

நம்ம மலேசியாவின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், 2017. அதன் 19-ஆம் பிரிவு சொல்வது இது: 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாதவர் குற்றவாளி. டாக்டர், டீச்சர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இதில் அடக்கம்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1980களில் பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடின, 1989-ல் பாலியல் வல்லுறவுச் சட்டம் திருத்தப்பட்டது, 2017-ல் பிள்ளைகளுக்கான இந்தச் சட்டமும் புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் வந்தன. அவ்வளவுதான்.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

[காட்சி: செம்பனைத் தோட்டத்து மண் சாலை, ஓரத்தில் குவித்து வைத்த குலைகள்]

தோட்டத்தில் ராத்திரி நாலு குலை செம்பனை திருட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும்? விடிவதற்குள் ஜாகா, அதாவது காவல்காரர், மேனேஜரிடம் சொல்லிவிடுவார். மேனேஜர் ஆபீஸ் கிராணியை பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, அனுப்பி ரிப்போர்ட் போட வைப்பார். யாராவது, “குலையை ஏன் ரோட்டோரமாக வைத்தீர்கள், அது திருடனைக் கூப்பிடாதா?” என்று கேட்பார்களா? “பையன் நல்ல பையன், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன், அவன் எதிர்காலம் என்ன ஆவது?” என்பார்களா? குலையிடம் போய், “இதை வெளியே சொன்னால் உனக்குத்தான் அசிங்கம்” என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதே தோட்டத்தில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, “மாமா இப்படிச் செய்தார்” என்று வாயைத் திறந்தால், மேலே சொன்ன அத்தனை கேள்வியும் வரிசையாக வரும். ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் ஆபீஸில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். உட்காரும் அத்தனை பேரும் ஆம்பளைகள். அம்மாக்காரி வாசல் ஓரம் நிற்பாள். பிள்ளைக்கு நாற்காலியே கிடையாது. அவளை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், அவளைப் பற்றித்தான் பேச்சு என்றாலும்! ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு தயார்: அவன் கொஞ்ச நாள் ஜொகூர்ப் பக்கம் வேலைக்குப் போகட்டும், பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்பு, விஷயம் இதோடு முடிந்தது.

முடிந்ததா? இல்லை. இது கடன் தகராறு இல்லை, இரண்டு வீட்டார் கைகுலுக்கி முடிக்க. வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அரசுத் தரப்பு வழக்கறிஞர். “ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடு” என்று அம்மாவை நச்சரித்து வாங்க வைத்தாலும் அந்த வழக்கறிஞர் வழக்கைத் தொடரலாம்.

அப்புறம் அந்த நாற்காலிகளில் ஒன்றிலிருந்து கட்டாயம் வரும் ஒரு கேள்வி: “யாரும் பார்க்கவில்லையே, சாட்சி எங்கே?” ஐயா, அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு சாட்சியம் இல்லாமல், பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டுமே வைத்தும் நீதிமன்றம் தண்டனை கொடுக்கலாம்.

இன்னொரு மேதாவித் தீர்வும் உண்டு: “அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்.” எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 திருமணச் சட்டப்படி கல்யாண வயது 18. பெண்ணுக்கு 16 முடிந்திருந்தால் மந்திரி புசாரின், அதாவது மாநில முதல்வரின், சிறப்பு அனுமதி வேண்டும். அதற்கும் கீழே என்றால், எந்த ஐயர் வந்து எத்தனை மந்திரம் சொன்னாலும் அது கல்யாணமே இல்லை. 16 வயதுக்குக் கீழான பிள்ளையோடு உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்தாள் என்று சொன்னாலும் அது வல்லுறவுதான். 20 வருஷம் வரை சிறை, 12 வயதுக்குக் கீழ் என்றால் 30 வரை, கூடவே ரோத்தான், அதாவது பிரம்படி.

சரி, அப்படியானால் என்ன செய்வது? நேராக அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பாலாய்க்கு முதலில் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஓ.எஸ்.சி.சி. (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்), அதாவது எல்லா உதவியும் ஒரே இடத்தில் என்ற ஏற்பாடு இருக்கிறது. 1990களின் நடுவில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாதிக்கப்பட்டவரைத் தேடி மற்றவர்கள் வருவதுதான். கூட்டத்தோடு காத்திருக்க விடாமல் தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். டாக்டர் அங்கே வருவார், போலீஸும் சமூகநல அதிகாரியும் அங்கேயே வருவார்கள். ஒரே கதையை நாலு கவுண்டரில் நின்று சொல்லவேண்டாம் என்பதுதான் யோசனை. எல்லா இடத்திலும் சொன்னபடி நடக்கிறதா என்றால், இல்லை. சின்ன ஆஸ்பத்திரியில் சிறப்பு டாக்டர் இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நமக்கு ஈப்போ. கார் இல்லாத வீட்டுக்கு அந்த முப்பது கிலோமீட்டர் பெரிய தூரம்தான். கமிட்டி அண்ணன்களே, உதவி செய்ய ஆசை என்றால் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வேனை எடுங்கள்.

[திரையில்: ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்]

போவதற்கு முன்னால் குளிக்க வைக்காதீர்கள். நம்ம வீட்டில் முதல் வேலையே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான், தெரியும்! ஆனால் தடயமெல்லாம் அதோடு போய்விடும். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். குளித்தாயிற்று, நாளும் தள்ளிப்போயிற்று என்றாலும் போங்கள். யாரிடம் கேட்பது என்று புரியாவிட்டால் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசேயைக் கூப்பிடுங்கள், 15999.

போலீஸ் ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் கொடுக்கலாம். “இது எங்கள் ஏரியா இல்லை” என்று திருப்பி அனுப்பக்கூடாது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அது அவர்கள் கடமை. பாட்டிக்கு மலாய் வராது என்றால், புரியும்படி சொன்ன பிறகு கையெழுத்துப் போடட்டும்.

அதற்கப்புறம் சத்தமே இல்லையா? குற்றவியல் நடைமுறைச் சட்டம், 107ஏ பிரிவு. நாலு வாரம் ஆகிவிட்டால், ரிப்போர்ட் போட்டவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தரவேண்டும். தரவில்லையென்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கே எழுதலாம். இந்த ஒரு பிரிவை நம்ம ஆட்கள் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? கேட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் வயது வந்தவர் என்றால் மேலே சொன்ன 19-ஆம் பிரிவு பொருந்தாது. புகார் கொடுப்பது அவர் முடிவு. வேலையிடத்துத் தொல்லை என்றால் 2024 முதல் பாலியல் தொல்லைத் தீர்ப்பாயம் இருக்கிறது, வக்கீலே வேண்டாம். அது தனி வீடியோவாக வரும்.

கமெண்ட் போடுபவர்களுக்கு ஒன்று. “எங்க தோட்டத்தில் இன்னார் மகளுக்கு...” என்று ஆரம்பிக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளிக்கூடம், அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது குழந்தைகள் சட்டம் 2001-ன் 15-ஆம் பிரிவுப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அப்படிப்பட்ட கமெண்டை நான் அழித்துவிடுவேன். சந்தேகம் இருந்தால் பெயர் போடாமல் கேளுங்கள், பதில் போடுகிறேன். இந்த லிங்க்கை உங்கள் கோயில் கமிட்டி வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுங்கள். யார் முதலில் குரூப்பை விட்டு வெளியேறுகிறார் என்றும் பார்த்து வையுங்கள்.