"வெறும் பாக்குதானே, டொக்டர்!"

(அம்பாறை மாவட்டம், திருக்கோவில் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் சங்கத்தாரும் கமக்காரரும் கூடியிருந்த சபையில் பல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை.)

பெரியவர்களே, அக்காமாரே, தம்பிமாரே, வணக்கம்.

வந்து இருந்ததும் எனக்கு முன்னால் வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து வைத்தீர்கள். தொட்டுக் கும்பிட்டேன், எடுத்துப் போடவில்லை. முன்வரிசையில் இருக்கிற பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வட்டாவை மறுப்பது வைத்தவரையே மறுப்பதுபோல என்று எனக்கும் தெரியும். பாக்குரல் சத்தத்தில் கண்விழித்த பிள்ளைதான் நானும். பல் போன அம்மம்மாவுக்கு அந்தச் சின்ன உரலில் இடித்துக் கொடுப்பது என் வேலை. விரலில் ஒட்டினதை ஒளித்து நக்கியதும் உண்டு.

ஆகவே வெற்றிலையை ஏச நான் வரவில்லை. பாக்கைப் பற்றிப் பேச வந்தேன்.

கிளினிக்கில் ஆளைக் கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னால் முதலில் வருகிற கதை இதுதான்: "நான் பொயிலை போடுறல்ல. வெறும் பாக்குதானே, டொக்டர்!" புகையிலைதான் கள்ளன், பாக்கு அவனோடு கூடத் திரிகிற அப்பாவி என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே பாக்கை, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் தொகுதியில் போட்டுவிட்டது. சிகரெட்டும் அங்கேதான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே அளவு ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. சான்றில் சந்தேகமில்லை என்றுதான் அர்த்தம்.

நம் நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. மென்று போடும் புகையிலைப் பொருட்களை அரசாங்கம் 2016 செப்டெம்பரில் தடைசெய்தது. பாக்கு அதில் அடங்கவில்லை. வளவுக்குள் கமுகு நிற்கும்போது எந்தச் சட்டம் வந்து காய் பறிப்பதைத் தடுக்கும்?

இப்போது ஒரு சின்ன வேலை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்திப் பிடித்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் வையுங்கள். கைகழுவாதவர்கள் வீட்டில் போய்ச் செய்யலாம். (சிரிப்பு) போகிறதா? சந்தோசம். போகாதவர்கள் வெட்கப்படாமல் கடைசியில் என்னிடம் வாருங்கள்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒருவர் வந்தார். விடிய வயலுக்குள் இறங்கும்போது பாக்கைக் கன்னத்தில் அதக்கினால் பசி தெரியாது என்பார். கொஞ்ச நாளாகக் கொச்சிக்காய்ச் சம்பல் வாயில் வைக்க ஏலாமல் எரிகிறதாம். மூன்று மாதமாக மனைவியோடு சண்டை, உறைப்பைக் கூட்டிப்போட்டாய் என்று. பார்த்தேன். இரண்டு விரல் போகவே கஷ்டம். கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு கயிறாக நார் தட்டுப்பட்டது. மனைவியின் சம்பலில் ஒரு குறையுமில்லை.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற இரசாயனப் பொருள் கன்னத்தின் மென்தோலுக்கு அடியில் நாரை வளர்க்கிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நாரை இறுக்கிப் பின்னுகிறது. சுண்ணாம்பும் சேர்ந்தால் வாயின் காரத்தன்மை கூடி, கலங்களைத் தாக்கும் பொருட்கள் இன்னும் அதிகமாக உண்டாகின்றன. இறுகின நார் பழைய நிலைக்குத் திரும்புவது மிக அரிது. அதன்மேல் புற்று வரும் வாய்ப்பும் கூடுதல். பாக்குப் போடுகிறவர்களின் வாயில் படிகிற வெள்ளைப் படலம் அப்படியல்ல. பாக்கை விட்டால் பலருக்கு அது குறைகிறது, சிலருக்கு மறைந்தும் போகிறது. அதனால்தான் இன்றைக்கே விடுங்கள் என்று கெஞ்சுகிறேன். பாக்கும் புகையிலையும் கலந்த மாவாப் பக்கெட்டைப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைக்கிற தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோவு வந்தால் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆரம்பத்தில் இது நோகாது, அதுதான் இதன் கள்ளத்தனம். ஈரல் புற்றை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் பார்க்க ஏலாது. வாயை ஒரு கண்ணாடியும் டோர்ச்சும் இருந்தால் பார்த்துவிடலாம். எந்தப் பக்கம் அதக்குகிறீர்களோ அந்தக் கன்னத்தை முதலில் பாருங்கள். பிறகு நாக்கின் இரண்டு ஓரமும், நாக்குக்குக் கீழும். துடைத்தால் போகாத வெள்ளை, அதைவிட மோசமான சிவப்பு, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடுகிற பல். ஒன்று கண்டாலும் வாருங்கள்.

சாராயம், சிகரெட் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகிறது. இதை மட்டும் கேளுங்கள்: துப்புரவில்லாத வாயில் இருக்கிற கிருமிகள் சாராயத்தை அசிற்றல்டிகைட் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. பல் விளக்காததால் மட்டும் புற்று வரும் என்று நான் சொல்லமாட்டேன், அது மிகைப்படுத்தல். ஆனாலும் நாக்கை உரசுகிற உடைந்த பல்லையும், பொருந்தாத கட்டுப்பல்லையும் வருசக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். உரசி வந்த புண் என்று நினைத்து, வேறு புண்ணைக் கவனியாமல் விட்டுவிடுவோம்.

டோர்ச் கொண்டு வந்திருக்கிறேன். அந்த வேப்ப மரத்துக்குக் கீழ் கதிரை போட்டிருக்கிறார்கள், வரிசையாக வாருங்கள். முன்வரிசைப் பெரியம்மாதான் முதல் ஆள். பெரியம்மா, கன்னத்தில இருக்கிறதப் படிக்கத்தில துப்பிப்போட்டு வாங்க.