ஆலை உங்களது, கடவுச்சொல் யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கமும் ஸலாமும். கல்முனையில் இருந்துகொண்டு சம்மாந்துறை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை என்று அரிசி ஆலைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் மின்பலகை வேலை செய்கிறவன் நான். பெரும்போக நெல் வந்து குவிகிற காலம் இது. ஆலைக்காரர்களோடு ஒரு விடயம் பேச வேண்டும்.

மின்பலகைக் கதவைத் திறந்தால் சின்னச் சின்ன விளக்குகள் எரிகிற பெட்டியொன்று இருக்கும். பி.எல்.சி. என்போம். எந்த மோட்டர் முதலில் ஓடும், எது எப்போது நிற்கும் என்ற கட்டளையெல்லாம் அதற்குள்தான். பொருத்துகிறவர் அதற்குக் கடவுச்சொல் போட்டுவிட்டுப் போவார். தன் உழைப்பை வேறொருவர் பிரதி எடுக்கக் கூடாது என்கிற அவருடைய எண்ணம் நியாயம்தான். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு புழுங்கல் ஆலை. இடி விழுந்து பெட்டியின் உள்ளீடு ஒன்று எரிந்துபோயிற்று. தொட்டி நிறைந்ததைச் சொல்லும் சென்சரின் வயர் வருகிற இடம் அது. பக்கத்தில் நாலு உள்ளீடு சும்மா கிடந்தது. வயரைக் கழற்றி அதில் மாட்டி, புரோகிராமில் ஒரு இலக்கத்தை மாற்றினால் பத்து நிமிட வேலை. லப்டொப்பைக் கொழுவினேன், கடவுச்சொல் கேட்டது. பொருத்தியவர் வெளிநாட்டில். தேடிப் பிடித்துக் கேட்டால், அவருக்கே ஞாபகமில்லை. ஊறிய நெல் காத்திருக்காது, மணக்கத் தொடங்கிவிடும். ஒரு பையன் ஏணியில் ஏறி நின்று தொட்டியை எட்டிப் பார்த்துப் பார்த்து, நிறைந்ததும் கை காட்டுவான். கீழே நிற்கிறவர் மோட்டரை நிறுத்துவார். இப்படி இரண்டு நாள்.

“இன்டர்நெட்டில் லொக் உடைக்கிற சொப்ட்வெயார் இருக்காமே தம்பி?” என்று ஆலை உரிமையாளர் ஹாஜியார் கேட்டார். தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 2022 ஜூலையில் டிராகோஸ் என்கிற பாதுகாப்பு நிறுவனம் அப்படியான ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. கடவுச்சொல்லை அது எடுத்துத்தான் கொடுத்தது. கூடவே சாலிட்டி என்கிற வைரஸையும் கொம்பியூட்டருக்குள் இறக்கிவிட்டது. அந்த லப்டொப்பை அடுத்த ஆலையிலும் கொழுவுவோமே, யோசியுங்கள்.

நேர்வழி ஒன்று உண்டு, கொஞ்சம் கசப்பானது. அங்கே இருந்தது சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7-200 என்கிற ரகப் பெட்டி. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ‘கிளியர்பிஎல்சி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பூட்டுப் போய்விடும். புரோகிராமும் சேர்ந்து அழிந்துவிடும். அதற்குப் பிந்திய எஸ்7-1200 ரகம் என்றால் வெறும் மெமரி கார்ட் போட்டு அழிக்கலாம். இரண்டிலும் பெட்டி மிஞ்சும், உள்ளே ஒன்றும் இராது.

அதனால் அழிக்குமுன், எது எப்போது ஓடுகிறது, நிற்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கொப்பியில் எழுதினோம். நான் பலகைக்கு முன்னால் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, என் உதவியாள் ஆலைக்குள் நின்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு. நெல்லை மேலே தூக்குகிற எலிவேற்றர்களில் கடைசியானது முதலில், அதற்கு முந்தியது ஏழு விநாடி கழித்து. நெல் அடைக்காமலிருக்க ஓட்டம் பின்னாலிருந்துதான் தொடங்கும். எல்லாம் பிடித்துவிட்டோம் என்று நினைத்த நேரம், உமி அடுப்புப் பார்க்கிற பெரியவர் சொன்னார்: “மனே, அடுப்ப நிப்பாட்டினாலும் ஊதி உடனே நிக்காது, கொஞ்ச நேரம் ஓடித்தான் நிக்கும்.” சூடு ஆறுவதற்கான அந்தப் பத்து நிமிடம் எங்கள் கொப்பியில் இல்லை. அவர் வாய் திறந்திராவிட்டால் உலர்த்தி கருகியிருக்கும்.

பெட்டியை அழித்து, கொப்பியைப் பார்த்துப் புரோகிராமைப் புதிதாக எழுதி ஏற்றினோம். மூன்றாம் நாள் ஆலை ஓடியது. ஆலைக்காரர்களே, புதுப் பலகை வாங்கும்போது கடைசித் தவணைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: கடவுச்சொல், விளக்கக் குறிப்புகளோடு புரோகிராமின் பிரதி, வயரிங் படம். பொருத்துகிறவர் தரத் தயங்கினால், மூடி ஒட்டிய உறையிலாவது வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு மட்டும் பிரிப்பதாக எழுதிக் கொடுங்கள்.

ஹாஜியாரிடம் நான் கொடுத்த உறை, காணி உறுதிகளோடு அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது.