300 கிலோமீட்டர் 30 ஆகும்போது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இந்திய வான்படையின் முதன்மைத் தேவை ஸ்டெல்த் போர் விமானங்களா, விமானங்களின் எண்ணிக்கையா?’ என்ற தலைப்பில், ரேடாரில் எளிதில் அகப்படாத ஸ்டெல்த் விமானங்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் செர்பியாவைக் காட்டினார். 1999 மார்ச் 27 அன்று, 1960களின் எஸ்-125 ஏவுகணை அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியதே, அப்புறம் என்ன ஸ்டெல்த் என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். வீழ்ந்தது உண்மை, எப்படி வீழ்ந்தது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. அந்த விமானங்கள் பழகிய வழியிலேயே திரும்பத் திரும்ப வந்துபோயின. செர்பியப் படைப்பிரிவோ ரேடாரைச் சில நொடிகள் மட்டும் இயக்கி, இடத்தை மாற்றி மாற்றிக் காத்திருந்தது. இத்தனைக்குப் பிறகும், ஏவுகணையைச் செலுத்தியபோது விமானம் சுமார் 13 கிலோமீட்டர் அருகில் வந்துவிட்டிருந்தது. 1991 வளைகுடாப் போரில் இதே எஃப்-117கள் 1,200 தடவைக்கு மேல் பறந்தும் ஒன்றுகூட வீழவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஸ்டெல்த் என்பது மாயமாய் மறைவதன்று, கண்டுபிடிக்கப்படும் தொலைவைச் சுருக்குவது. ரேடாருக்குத் திரும்பும் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், கண்டறியும் தொலைவு பத்தில் ஒரு பங்காகிறது. 300 கிலோமீட்டரில் தெரிய வேண்டிய விமானம் 30 கிலோமீட்டரில்தான் தெரியும். அப்படித் தொலைவு சுருங்கும்போது எதிரியின் ரேடார் வேலியில் இடையிடையே ஓட்டைகள் விழுகின்றன. அந்த ஓட்டைகளின் வழியே நுழையும் சில ஸ்டெல்த் விமானங்கள் எதிரியின் ரேடாரையும் ஏவுகணைத் தளத்தையும் உடைத்த பிறகுதான், இறக்கைக்கடியில் குண்டுகளைத் தொங்கவிட்டு, ரேடாரில் எளிதில் தெரியும்படி பறக்கும் நம் சுகோய்-30 போன்றவை துணிந்து உள்ளே போக முடியும்.

எண்ணிக்கை வேண்டாமா என்றால், வேண்டும்தான். நம் வான்படையில் 42 போர் விமானப் படையணிகள் (ஸ்குவாட்ரன்கள்) இருக்க வேண்டிய இடத்தில், 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்றதும் 29 ஆகிவிட்ட குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் ஜே-20 ஸ்டெல்த் விமானத்தைச் சீனா படையில் சேர்த்துவிட்ட நிலையில், தொலைவிலேயே அகப்படும் விமானங்களால் மட்டும் அந்த 13 இடங்களையும் நிரப்பினால், எதிரியின் திரையில் புள்ளிகள்தாம் கூடும்.

பராமரிப்புச் செலவு அதிகம் என்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். எஃப்-117க்கு முன்னோடியான சோதனை விமானத்தில் மூன்று திருகுகள் சரியாக இறுகாமல் சற்றே நீட்டிக்கொண்டிருந்ததற்கே ரேடாரில் அது பெரிதாகத் தெரிந்ததாம்! அத்தனை நுணுக்கமான கலையைக் கடையில் வாங்க முடியாது. ரஷ்யாவுடனான ஸ்டெல்த் விமானக் கூட்டுத் திட்டத்திலிருந்து 2018இல் நாம் விலகியதும், சொந்தமாக ஆம்கா என்ற ஸ்டெல்த் விமானத்தை உருவாக்க 2024 மார்ச்சில் ஒப்புதல் தந்ததும் அதனால்தான் பொருள் பெறுகின்றன.

முதலில் எண்ணிக்கை, பிறகு ஸ்டெல்த் என்கிறது எதிரணி. அந்தப் ‘பிறகு’ எத்தனை ஆண்டு? அமெரிக்காவின் எஃப்-22 ஸ்டெல்த் விமானம், முன்மாதிரி பறந்த 1990இலிருந்து படையில் சேர்ந்த 2005 வரை பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நம் ஆம்காவின் முன்மாதிரியோ இனிமேல்தான் பறக்க வேண்டும். மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, அமர்கிறேன்.