எழுதிவைப்பதே உறவைக் காக்கும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம். பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையிலான பணப் பொறுப்பை எழுத்தில் வைப்பது உறவைக் காக்குமா, கெடுக்குமா என்ற இந்த வழக்கில், காக்கும் என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக்கொடுக்கும் தான செட்டில்மென்ட் பத்திரத்தில் நிபந்தனை எழுதுகிற தகப்பன் பெற்ற மகனையே நம்பாதவன் என்று எதிரணி நண்பர் வருந்தினார். பத்திரம் பதிவான பிறகு நம் டெல்டாவில் நடப்பதை அவர் சொல்லவில்லை. பட்டா மகன் பெயருக்கு மாறிவிடும். அடுத்த குறுவைக்குப் பயிர்க்கடன் கேட்டுக் கூட்டுறவுச் சங்கத்திற்குப் போகும் தகப்பனிடம் தன் பெயரில் நில உரிமையைக் காட்டும் சிட்டா இருக்காது. அவர் பாடுபட்டு விளைவித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டால், பணம் மகனின் வங்கிக் கணக்கில் போய்ச் சேரக்கூடும். மகன் கொடியவனாக இருக்க வேண்டியதில்லை. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை மும்முரத்தில் இரண்டு மாதம் மறந்திருந்தாலே போதும், மாத்திரை வாங்கக்கூட அந்த மனிதர் பிறரிடம் கேட்டு நிற்பார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே கிடைக்கும் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். இன்றைய மருத்துவச் செலவுக்கு அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. எழுதிக்கொடுத்த சொத்தை மீட்க வழிசெய்யும் 23ஆம் பிரிவோ, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பின் பேரில் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் கருணையோடு பொருள்கொண்டது. அந்தத் தாய்க்கு நீதி கிடைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும் பத்திரத்திலேயே ஒரு வரி இருந்திருந்தால், அந்த முதிய வயதில் அவர் தம் அன்புக்கு நீதிமன்றத்தில் விளக்கம் தேட நேர்ந்திருக்காது.

எழுத்து பிள்ளைகளையும் காக்கிறது. தகப்பனின் காரியம் முடிந்த கையோடு, கைமாற்றுக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். தகப்பனிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மேல் அவர் கடனுக்கு மகனோ மகளோ பொறுப்பில்லை. ஆனால் எது உண்மையான கடன் என்று காட்டும் குறிப்பே இல்லாதபோது, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சித் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். கல்விக் கடனில் தகப்பனும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால், மகன் கட்டாத தவணைக்கு வங்கி தகப்பனிடமும் வரும். அதைக் கையெழுத்திடும் நாளிலேயே இருவரும் பேசி எழுதிக்கொள்வதில் என்ன குறை?

நடுவர் அவர்களே, நாங்கள் கேட்பது இரண்டே வரிகள். என் ஆயுட்காலம் வரை நானே இந்த நிலத்தை ஆண்டு அனுபவித்து வருவேன் என்பது ஒன்று. என்னையும் என் மனைவியையும் பராமரிக்கத் தவறினால் இப்பத்திரம் ரத்தாகும் என்பது மற்றொன்று. பெற்றோரைக் காக்க மனமுள்ள எந்தப் பிள்ளையை இவற்றுள் எந்த வரி புண்படுத்தும் என்பதை எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் விளக்கட்டும்.