ஃபயர்பாக்ஸும் அதன் நீட்சிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் ஆறாம் பதிப்பை 2001 ஆகஸ்டில் வெளியிட்டது. ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இணையம் எவ்வளவோ வளர்ந்தது. ஆனால் உலகத்தில் பெரும்பாலானோர் அதைப் பார்க்கப் பயன்படுத்திய மென்பொருள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துக்கொண்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. வின்டோஸ் வாங்கினால் எக்ஸ்ப்ளோரர் கூடவே வந்துவிடும். வேறு உலாவியைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. ஒரு விளம்பரத்தை மூடினால் இன்னும் இரண்டு தாமாகத் திறந்துகொள்ளும் காலம் அது. அந்தத் தேக்கத்தை உடைத்த ஃபயர்பாக்ஸைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன். அந்த உலாவியிடம் எனக்கு மிகுந்த பற்று உண்டு. பற்று இருப்பதால்தான் அதன் குறைகளையும் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

கதை நெட்ஸ்கேப்பிலிருந்து தொடங்குகிறது. எக்ஸ்ப்ளோரரிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம், 1998 ஜனவரியில், தன் உலாவியின் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. மார்ச் 31 அன்று சொன்னபடியே செய்தது. மோசில்லா திட்டம் அப்படிப் பிறந்தது. ஆனால் மோசில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் ஆகிவிட்டது. உலாவி, மின்னஞ்சல், பக்கம் வடிவமைக்கும் கருவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கனத்த தொகுப்பாக அது இருந்தது. உலாவி மட்டும் போதும், அது வேகமாக இருந்தால் போதும் என்று நினைத்த டேவ் ஹையட், பிளேக் ராஸ் முதலிய இளைஞர்கள் அதே நிரலிலிருந்து சிறிய உலாவி ஒன்றைச் செதுக்கி எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வந்தது. பெயர்ச் சிக்கல்களால் ஃபயர்பேர்ட் ஆனது. 2004 பிப்ரவரியில் ஃபயர்பாக்ஸ் ஆனது. இதற்கிடையில் நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏஓஎல் நிறுவனம் கையை உதறிக்கொண்டது. 2003 ஜூலையில், ஏஓஎல் தந்த 20 லட்சம் டாலருடன் மோசில்லா அறக்கட்டளை தனியாக நின்றது.

2004 நவம்பர் 9 அன்று ஃபயர்பாக்ஸ் 1.0 வெளியானது. அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் உலகெங்கும் இருந்த சாதாரணப் பயனர்கள்; சுமார் பத்தாயிரம் பேரின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. ஒரு மென்பொருளுக்காக மக்கள் இப்படிக் காசு சேர்த்து விளம்பரம் செய்ததை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் கீற்றுகள், தாமாகத் திறக்கும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதி, மேலேயே ஒரு தேடல் பெட்டி: இவை எல்லாம் இன்று எந்த உலாவியிலும் இருப்பவை. சிலவற்றை ஓபெரா உலாவி முன்பே கொண்டுவந்திருந்தது. ஃபயர்பாக்ஸுக்கே உரிய சிறப்பு என்று நான் கருதுவது நீட்சிகளைத்தான்; அதாவது, உலாவிக்குப் புதிய வசதி சேர்க்க, நாமே விரும்பி அதில் இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்களை.

ஃபயர்பாக்ஸின் பொத்தான்கள், பட்டிகள், மெனுக்கள் எல்லாமே வலைப்பக்கம் எழுதுவது போன்ற மொழியில், ஸூல் என்ற வடிவத்தில் எழுதப்பட்டிருந்தன. உலாவியைச் செய்தவர்களுக்கு அந்த நிரலில் என்னென்ன அதிகாரம் இருந்ததோ, நீட்சி எழுதுபவருக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. குடிவந்தவர், வீட்டுக்காரரைக் கேட்காமலே சுவரை இடித்து ஜன்னல் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் போன்ற உரிமை அது. விளைவு அபாரமாக இருந்தது. 2006இல் ஜோ ஹியூவிட் எழுதிய ஃபயர்பக் என்ற நீட்சி, வலைதளம் செய்பவர்களின் வேலை முறையையே மாற்றியது. அதுவரை நிரலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க, நடுநடுவே செய்திப் பெட்டிகளை எழும்ப வைத்துத் தடவிக்கொண்டிருந்தோம். ஃபயர்பக் வந்தபின் பக்கத்தின் உள்ளே எந்த வரி என்ன செய்கிறது என்று நேரடியாகப் பார்த்து, அங்கேயே மாற்றிப் பார்க்க முடிந்தது. இன்று எல்லா உலாவிகளிலும் இருக்கும் உருவாக்குநர் கருவிகளுக்கு முன்மாதிரி அதுதான். தமிழ் வாசகர்களுக்கும் நீட்சிகளால் நன்மை கிடைத்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோட் பரவாத நாட்களில் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. பத்மா என்ற நீட்சி, அப்படிப்பட்ட பழைய குறியாக்கங்களில் இருந்த இந்திய மொழிப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிக் காட்டியது. தமிழும் அவற்றில் அடக்கம்.

தமிழைப் பற்றிப் பேசும்போது ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பதிப்பு வரை, பத்தியின் இருபுறமும் சமமாக வரும்படி ஒருவர் தன் பக்கத்தை அமைத்திருந்தால், வின்டோஸில் ஃபயர்பாக்ஸ் தமிழ் எழுத்துகளை உடைத்துவிடும். ஒற்றைக்கொம்பு ஓரிடம், மெய் ஓரிடம் என்று சிதறிக் கிடக்கும். தமிழ் வலைப்பதிவர்கள் ஒருவரை ஒருவர் வேண்டிக்கேட்டு அந்த அமைப்பை நீக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு, எழுத்துகளை வரையும் பகுதியைப் புதிதாக எழுதியபின்தான் இது தீர்ந்தது. எக்ஸ்ப்ளோரரில் சரியாகத் தெரிந்த தமிழ், திறந்த மூல உலாவியில் உடைந்து தெரிந்ததால் பலர் அதைக் கைவிட்டார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

நீட்சிகளுக்கு அளித்த அந்த எல்லையற்ற உரிமைக்கு ஒரு விலை இருந்தது. ஃபயர்பாக்ஸ் நினைவகத்தை விழுங்குகிறது, நேரம் ஆக ஆகத் தவழ்கிறது என்ற புகார் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது. 2011இல் நிக்கலஸ் நெதர்கோட் முன்னின்று நடத்திய மெம்ஷ்ரிங்க் என்ற முயற்சி இதை ஆராய்ந்தது. உலாவியின் சொந்தப் பிழைகளும் இருந்தன. ஆனால் நீட்சிகளும் பெரும் காரணம்: மூடிய பக்கங்களைக்கூட ஏதோ ஒரு நீட்சி பிடித்துக்கொண்டிருந்ததால், அந்த இடத்தை உலாவியால் திரும்ப எடுக்க முடியவில்லை. 2012 ஆகஸ்டில் வந்த பதினைந்தாம் பதிப்பு இந்த வகைக் கசிவுகளில் பெரும்பாலானவற்றை அடைத்தது. அதற்குள் கூகுளின் குரோம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

குரோம் 2008 செப்டம்பரில் வந்தபோதே கீற்றுகளைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து இயக்கியது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை தப்பின. ஃபயர்பாக்ஸில் ஒரு பக்கம் முடங்கினால் எல்லாமே முடங்கின. மோசில்லாவும் பிரிக்கத்தான் விரும்பியது, நீட்சிகள் விடவில்லை. உலாவியின் உள்ளே எங்கு வேண்டுமானாலும் கை நீட்டிப் பழகிய ஆயிரக்கணக்கான நீட்சிகள், உள்ளே ஒன்றை நகர்த்தினால் உடைந்துபோகும் நிலையில் இருந்தன. அதனால் அந்தப் பிரிப்பு பொதுப் பயனர்களை எட்டத் தொடங்கவே 2016 ஆயிற்று. எட்டு ஆண்டுத் தாமதம். என் பார்வையில் ஃபயர்பாக்ஸ் சந்தையை இழந்தது அந்த எட்டு ஆண்டுகளில்தான். கூகுள் தன் தேடுதல் பக்கத்திலேயே குரோமை விளம்பரப்படுத்தியதும் உண்மை. ஆனால் பழியை முழுவதும் அதன் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

2017 நவம்பர் 14 அன்று, குவான்டம் என்ற பெயரில் வந்த 57ஆம் பதிப்பு, பழைய நீட்சி முறையை அடியோடு வெட்டியது. வேகம் கண்கூடாகக் கூடியது. மோசில்லாவில் வளர்ந்த ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய பகுதிகள் உள்ளே வந்தன. ஆனால் பல ஆண்டுகள் நீட்சிகளைப் பேணிவந்த தன்னார்வலர்களின் உழைப்பு ஒரே நாளில் செயலற்றுப்போனது. பலரால் புதிய முறைக்கு மாற்றி எழுத முடியவில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தேவையான உரிமையே புதிய முறையில் இல்லை. முடிவு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஐந்து ஆண்டுகள் முன்பே, இன்னும் கனிவோடு, மாற்றெழுத உதவிகள் செய்து எடுத்திருக்க வேண்டிய முடிவு.

அதன்பிறகு 2019 மே மாதத் தொடக்கத்தில் நடந்ததை என்னால் அப்படி நியாயப்படுத்த முடியாது. பாதுகாப்புக்காக, மோசில்லாவின் கையொப்பம் உள்ள நீட்சிகள் மட்டுமே இயங்கும் என்று விதி வைத்திருந்தார்கள். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சான்றிதழின் காலம் முடியப்போவது பொறுப்பான குழுவுக்குத் தெரிந்திருந்தது; ஆனால் ஃபயர்பாக்ஸ் அந்தக் காலாவதித் தேதியைப் பார்க்காது என்று தவறாக நினைத்துவிட்டார்கள். உலகெங்கும் நீட்சிகள் தாமாக அணைந்தன. ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்ட டோர் உலாவியில் நோஸ்கிரிப்ட் என்ற காப்பு நீட்சியும் அணைந்தது. கண்காணிப்புக்கு அஞ்சி டோரைப் பயன்படுத்தும் பத்திரிகையாளர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் அது வெறும் தொந்தரவு அல்ல, ஆபத்து.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோசில்லாவின் வருவாயில் மிகப் பெரும் பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் தொகை. 2014 இறுதியில் யாஹூவுக்கு மாறினார்கள், 2017இல் திரும்பிவிட்டார்கள். போட்டியாளரின் பணத்தில் போட்டியிடும் இந்த நிலைக்கு மாற்று தேடி எடுத்த முயற்சிகள் பலவும் தோற்றன. ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளம் 2013இல் வந்து, இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதன் நிரலிலிருந்து வளர்ந்த காய்ஓஎஸ், பின்னாளில் இந்தியாவில் ஜியோபோனாக கோடிக்கணக்கான கைகளுக்குப் போனது. மோசில்லாவுக்கு அதனால் பெரிய பயன் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரையும் பகுதியை உலாவிப் பொறி என்பார்கள்; அடுத்த தலைமுறைப் பொறிக்கான செர்வோ ஆய்வுக் குழுவும் அதில் கலைந்தது. ஒரு பொறியியல் நிறுவனம் தன் எதிர்காலத்தையே வெட்டியதாக எனக்கு அது பட்டது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, இன்றும் ஏன் இதையே பயன்படுத்துகிறேன்? குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ் எல்லாம் பிளிங்க் என்ற ஒரே பொறியில் ஓடுகின்றன. சஃபாரியின் வெப்கிட் அதன் உறவுக்காரப் பொறி. பிளிங்க் 2013இல் அதிலிருந்துதான் பிரிந்தது. பரவலாகப் பயன்படும் பொறிகளில் அந்தக் குடும்பத்தைச் சேராதது ஃபயர்பாக்ஸின் கெக்கோ ஒன்றே. ஒரு நிறுவனம் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நீட்சிகளின் விஷயத்திலேயே பார்த்துவிட்டோம். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியபின், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பி முழு வடிவில் அதில் இயங்குவதில்லை. ஃபயர்பாக்ஸில் இயங்குகிறது, ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இயங்குகிறது. குக்கீகளை, அதாவது தளங்கள் நம் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகளை, நாம் பார்க்கும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே பிரித்து வைத்து, தளம் தளமாக நம்மைப் பின்தொடர்வதைத் தடுக்கும் காப்பும் 2022இலிருந்து நாம் கேட்காமலே இயங்குகிறது.

சில தளங்கள் ஃபயர்பாக்ஸில் சரியாக வேலை செய்வதில்லை என்று நேயர்கள் சிலர் அனுபவத்தில் கண்டிருப்பீர்கள். செய்தவர்கள் குரோமில் மட்டும் சோதித்துவிட்டு விட்டதே பெரும்பாலும் காரணம். மெனுவில், பழுதடைந்த தளத்தைப் புகாரளிக்க ஒரு வசதி இருக்கிறது. தளத்தை மூடிவிட்டு வேறு உலாவிக்குப் போவதற்கு முன், அதை ஒருமுறை அழுத்தி, என்ன ஆனது என்று எழுதி அனுப்புங்கள். கெக்கோவைப் பராமரிக்கும் பொறியாளர்கள் அவற்றைப் படித்துத் திருத்துகிறார்கள். நன்றி, வணக்கம்.