கதவைத் திறந்தவர் கத்தியபோது

நேயர்களுக்கு வணக்கம். கிளாடியா ராங்கின் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்த மாட்டேன். தெரிந்துதான் அழைத்திருக்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் எழுதுகிற கறுப்பினக் கவிஞர் அவர். 2014இல் வந்த அவருடைய ‘சிட்டிசன்’ நூலில் ஒரு சம்பவம்.

மன அதிர்ச்சிக்கு ஆலோசனை தருகிற ஒருவரைப் பார்க்க நீங்கள் போகிறீர்கள். ஆமாம், ‘நீங்கள்’தான், நூலில் பெரும்பாலும் வாசகரைப் பார்த்தே பேச்சு. அதுவரை போனில் மட்டுமே பேசியிருக்கிறீர்கள். பக்கவாட்டுக் கேட் பூட்டியிருக்கிறது. சரி என்று முன்வாசலுக்குப் போய் மணியை அடிக்கிறீர்கள். கதவைத் திறந்த பெண் கத்துகிறார்: என் வீட்டை விட்டுப் போ, இங்கே உனக்கு என்ன வேலை? இரண்டு எட்டு பின்வாங்கி, இன்று வரச் சொல்லியிருந்தீர்களே என்கிறீர்கள். உடனே அவருக்கு நினைவு வருகிறது. மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறார். அவ்வளவுதான் சம்பவம்.

கவனியுங்கள், வந்தவரின் நிறம் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பிய கையோடு சிலர் வக்கீலாகிவிடுகிறார்கள்: பாவம், அந்தம்மா யாரோ திருடன் என்று பயந்திருக்கலாம், வேண்டுமென்றா செய்தார்? இருக்கலாம். எனக்கும் அந்தம்மாவின் மனசுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் வாசலில் நிற்பவருக்கும் அதே சந்தேகம்தானே, கத்தியது நிறத்தாலா, வெறும் பயத்தாலா என்று! நாம் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவர் அதே சந்தேகத்தோடுதான் உள்ளே போய் உட்கார்ந்து, அதே ஆலோசகரிடம் மனம் திறக்க வேண்டும்.

ஹார்வர்டு மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970லேயே இதற்கு ‘மைக்ரோ அக்ரெஷன்’ என்று பெயர் வைத்தார். சின்னச் சின்னக் குத்தல்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தால் எல்லாரும் விடுதலைதான். ராங்கின் அதனால்தான் நண்பர்களிடமும் இப்படிப்பட்ட சம்பவங்களைக் கேட்டு வாங்கி வரிசையாக அடுக்கினார். ஒரு தோழி தன் வீட்டுப் பணிப்பெண்ணின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார். அதுவும் வாய் தவறித்தான்! பத்துப் பக்கம் தாண்டுங்கள், வக்கீல் களைத்துப்போவார்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் பற்றிய பகுதியை விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரமில்லை என்று கை காட்டுகிறார்கள். 2004 அமெரிக்க ஓப்பனில் அவருக்கு எதிராக நடுவர் தந்த தவறான தீர்ப்புகளை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். 2009இல் அதே போட்டியில் செரீனா வெடித்த கோபம் எங்கே சேர்ந்தது என்பது அங்கே கிடைக்கும். வணக்கம்.