முன்னால் போவதைப் பிடிக்க பிரேக் போடு

வணக்கம் நேயர்களே.

2024 டிசம்பர் 30-ஆம் தேதி கன்னியாகுமரியில் என்ன விசேஷம் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலைப் பாறையையும் சேர்க்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைத் திறந்த நாள். அதே இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. அதில் ஆளுக்கு 220 கிலோ எடையில் இரண்டு செயற்கைக்கோள்கள். மேலே போய்ப் பிரிய வேண்டும், பிறகு தேடிப்பிடித்து ஒன்றோடொன்று இணைய வேண்டும். ஸ்பேடெக்ஸ் என்ற அந்தத் திட்டத்தின் வேலையே அதுதான். இரண்டும் இணைந்தது 2025 ஜனவரி 16-ஆம் தேதி. அந்த வாரம்தான் நம் மாவட்டத்து மேலகாட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். அவருக்கு முன்பே சரக்கல்விளைக்காரர் கே. சிவன் அந்த நாற்காலியில் இருந்தவர். ஆகவே எங்கள் பிளஸ் டூ வகுப்பில் அன்று ஒரே பெருமைப் பேச்சு.

பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "ரெண்டும் ஒரே ராக்கெட்லதானே போச்சு? அப்புறம் சேர்றதுக்கு எதுக்கு சார் ரெண்டு வாரம்?"

நியாயமான கேள்வி. கரும்பலகையில் சமன்பாடு எழுதிப் பதில் சொல்லலாம், தேர்வுக்கு அது போதும். ஆனால் விஷயம் உடம்பில் ஏற வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. பெற்றோர் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வழி ஒரு கம்ப்யூட்டர் கேம்.

பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவில் உருவாகி, 2011-இல் முதன்முதலாக வெளியே வந்தது. கெர்பின் என்ற கற்பனைக் கோளில் பச்சை நிறத்தில், முட்டைக்கண்ணோடு சின்னச்சின்ன ஆட்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ராக்கெட் கட்டித் தருவதுதான் நம் வேலை. பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும் அதற்குள் ஓடுவது கெப்ளரும் நியூட்டனும் சொன்ன கணக்குதான். கோளைச் சின்னதாக வைத்துக்கொண்டார்கள், ஆரம் வெறும் 600 கிலோமீட்டர். அதனால் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

முதலில் செயற்கைக்கோளைக் கட்ட வேண்டும். மூளைக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்சாரத்துக்கு சோலார் பேனலும் பேட்டரியும், பேச ஆன்டெனா, முகப்பில் இணைப்பு வளையம், நாலு பக்கமும் நகர்த்த த்ரஸ்டர் என்ற குட்டி என்ஜின்கள், அவற்றுக்கு எரிபொருள். இதில் பிள்ளைகள் எல்லாருமே கோட்டைவிடும் இடம் த்ரஸ்டர்தான். அழகாக இருக்கிறது என்று வால் பக்கம் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். மேலே போய் "வலது பக்கம் நகரு" என்று விசையை அழுத்தினால் செயற்கைக்கோள் நகர்வதோடு நிற்காமல் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பும். நிறைமையத்துக்கு, அதாவது மொத்த நிறையும் சமநிலைப்படும் புள்ளிக்கு, விலகித் தள்ளினால் பொருள் சுழலத்தானே செய்யும்! கட்டும் இடத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் நிறைமையம் எங்கே என்று மஞ்சள் உருண்டை ஒன்று காட்டும். அதற்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் த்ரஸ்டர்களை வைத்தால் தொல்லை தீர்ந்தது. திருப்புத்திறன் பாடத்தை நான் இப்போது இந்த மஞ்சள் உருண்டையிலிருந்துதான் தொடங்குகிறேன். இணைப்பு வளையத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டினால் எத்தனை முறை போய் மோதினாலும் ஒட்டாது.

சரி, இரண்டும் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பின்னால் இருப்பவன் என்ன செய்வான்? முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி என்ஜினை முடுக்குவான். வானத்தில் அது பலிக்காது. வேகத்தைக் கூட்டினால் பாதை பெரிதாகிறது. பெரிய பாதையைச் சுற்ற அதிக நேரம் பிடிக்கும். விரட்டினவன் இன்னும் பின்தங்குகிறான். முன்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட்டுத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். கேமில் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 33 நிமிடம், 80 கிலோமீட்டரில் 31 நிமிடம். கீழே சுற்றுகிறவன் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை நிமிடம் போல முந்திவிடுவான். சரியான இடத்தில் மறுபடி மேலே ஏறினால் ஆள் பக்கத்தில் இருப்பான்.

பெரியவர்களையே தடுமாற வைத்த சங்கதி இது. 1965 ஜூன் மாதம் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்து வந்த ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கப் பார்த்தார். விமானம் ஓட்டிய பழக்கம். நேராக அதைக் குறிவைத்துத் தள்ளினார். எரிபொருள் கரைந்தது, அது விலகிக்கொண்டே போனது, கடைசியில் முயற்சியைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெமினி 8-இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் முதன்முதலாக இரு கலங்களை இணைத்துக் காட்டினார்கள். நிலவில் பின்னாளில் கால் வைத்த பஸ் ஆல்ட்ரின் 1963-இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்ததும் சுற்றுப்பாதையில் இப்படிச் சந்திப்பதைப் பற்றித்தான்.

பக்கத்தில் வந்தபிறகுதான் உண்மையான வேலை. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகைப் பார்த்திருப்பீர்கள். துறையை நெருங்கும்போது என்ஜினைக் குறைத்துவிட்டால் மிச்ச வேகத்தைத் தண்ணீரே தின்றுவிடும். விண்வெளியில் தின்ன ஆளில்லை. முன்னே ஒரு தட்டு தட்டினால், அதே அளவுக்குப் பின்னே ஒரு தட்டு தட்டினால்தான் நிற்கும். இரண்டு கலங்களும் தரையைப் பொறுத்து எத்தனை ஆயிரம் மீட்டர் வேகத்தில் போனாலும் இங்கே அது கணக்கில்லை. ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகம் என்ன? முதலில் அதைச் சுழியாக்க வேண்டும். சார்புத் திசைவேகம் என்று பதினொன்றாம் வகுப்பில் இரண்டு ரயில்களை வைத்துச் சொல்லித் தருகிறோமே, அதேதான்.

எங்கள் லேபில் ஒரு மாணவி இதைச் செய்யும்போது பின்னால் நின்று பார்த்தேன். திரையின் அடியில் ஒரு திசைக்கோளம் இருக்கும். இலக்கு இருக்கும் திசைக்கு ஒரு குறி, நாம் நகரும் திசைக்கு இன்னொரு குறி. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் நேராகப் போகிறோம் என்று அர்த்தம். நூறு மீட்டரில் நிறுத்தினாள். இலக்கின் இணைப்பு வளையத்துக்கு நேர் எதிரே வர, சாய்வாக நகர்ந்தாள். குறி விலகும்போதெல்லாம் விசையை ஒரு தொடு, அவ்வளவுதான். பக்கத்துப் பையனுக்குப் பொறுமை இல்லை. "ஸ்பீடா போ பிள்ளே" என்று விரட்டிக்கொண்டிருந்தான். அவள் திரும்பவே இல்லை. வேகம் காட்டும் இடத்தில் 0.2 என்று இருந்தது, விநாடிக்கு இருபது சென்டிமீட்டர். கிட்ட வந்ததும் வளையத்தின் காந்தம் இழுத்துக்கொண்டது. கேமரா சட்டென்று தாவியது. இரண்டு கலமும் ஒன்றாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

ஸ்பேடெக்ஸ் இதைவிட நிதானம். கடைசிக் கட்டத்தில் விநாடிக்குப் பத்து மில்லிமீட்டர் என்ற கணக்கில் நெருங்கும்படி வடிவமைத்திருந்தார்கள். ஜனவரி 12-ஆம் தேதி சோதனையாக மூன்று மீட்டர் வரை நெருங்கி, தரவுகளை ஆராய்வதற்காகத் திரும்பப் பின்வாங்கினார்கள். பின் பெஞ்சுக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கேமில் அவரும் ஒருமுறை இணைத்துப் பார்த்திருந்தார்.

இணைத்து என்ன பயன்? ஒரே ராக்கெட் தூக்க முடியாததைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் மேலே கோத்துக்கொள்ளலாம். இந்தியா திட்டமிட்டிருக்கும் விண்வெளி நிலையமும், நிலவிலிருந்து மண் எடுத்துவரப்போகும் சந்திரயான்-4-உம் இந்த வித்தையை நம்பித்தான் இருக்கின்றன.

கேமுக்கும் எல்லை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பை மட்டும்தான் அது கணக்கில் எடுக்கும். பூமியும் சூரியனும் சேர்ந்து இழுக்கும் இழுப்பில்தான் சூரியனை ஆராயும் நம் ஆதித்யா-எல்1 கலம் தன் இடத்தில் நிற்கிறது. அந்த இடமே கெர்பல் உலகில் கிடையாது. இன்னொன்று, கலங்களைக் கையால் இணைப்பது கேமில்தான். ஸ்பேடெக்ஸில் அதைச் செய்தது சென்சாரும் மென்பொருளும். அந்த மென்பொருளை எழுதும் ஆளாக வேண்டுமென்றால் கேமை மூடிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறக்கத்தான் வேண்டும்.

ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் விண்வெளி நிலையம் கட்டப் போகாதீர்கள். இரண்டு சின்னச் செயற்கைக்கோள்களை 100 கிலோமீட்டரில் ஏற்றி, ஒன்றோடொன்று இணைத்துப் பழகுங்கள். நெருங்குவதற்கு முன் எஃப்5 அழுத்திச் சேமித்துவிடுங்கள், மோதி உடைந்தால் சேமித்த இடத்துக்கே திரும்ப எஃப்9 இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது மன் என்ற அதன் நிலாவில் இறங்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். அதற்கு இன்னொரு நாள் நேரம் கேட்டுத்தான் வர வேண்டும். நன்றி, வணக்கம்.